புறங்கை சொன்ன நூற்றொன்று

மதிப்பிற்குரிய சிவசுப்பிரமணியன் சார் அவர்களுக்கு,

என் வலது புறங்கை எந்தப் பொருளின் சூட்டையும் ஒரு டிகிரிகூடப் பிசகாமல் சொல்லும். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்குச் சுருட்டை முடி இருப்பதுபோல எனக்கு இது இருக்கிறது, அவ்வளவுதான்.

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் கில்ன் பர்னராக இருந்தேன். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டெடுக்கும் அறுபது மீட்டர் நீள இரும்புச் சூளையைத்தான் கில்ன் என்போம். படுத்தவாக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவன் பர்னர். சூளையின் இரும்பு ஓட்டுக்கு ஓரடி தள்ளிப் புறங்கையைக் காட்டி, 'வெளியே முந்நூற்றுப் பன்னிரண்டு, உள்ளே ஆயிரத்து நானூற்று நாற்பது' என்று சொல்லிவிடுவேன். ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வந்த கருவி முந்நூற்றுப் பதினான்கு என்றது. கருவியைத்தான் பழுதுபார்க்க அனுப்பினார்கள். அது திரும்பி வரவே இல்லை. முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்திருக்கும்.

என் மருமகள் நர்மதா உங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவள். எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பெங்களூருக்கு வேலை பார்க்கிறாள். கம்பெனி கொடுத்த லேப்டாப் மே பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை செத்துப்போனது. அது பற்றி நீங்கள் அவளுக்கு அனுப்பிய மெயிலை என் மகன் தமிழ்மாறன் தமிழில் படித்துச் சொன்னான். பதில் தமிழிலேயே இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஜூன் பன்னிரண்டாம் தேதிக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தாள் என்று முடிவு செய்து அவளை நீக்கிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்வி: ஆறரை மாதத்தில் இந்த லேப்டாப்புக்கு வந்த மின்சாரம் 1,146 முறை துண்டிக்கப்பட்டிருக்கிறதே, ஏன்.

1,146 அல்ல, 1,152. உங்கள் பக்கம் ஆறு விடுபட்டிருக்கிறது. என் நோட்டில் எல்லாம் இருக்கிறது. துண்டித்தது நான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். லேப்டாப் கரண்டில் ஓடும்போது ஒரு சூடு, பேட்டரியில் ஓடும்போது வேறொரு சூடு. கரண்டில் இருந்தால் அது முழு மூச்சாக வேலை செய்யும், கூடவே பேட்டரிக்கும் ஊட்டிக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிற மாதிரி. சுவிட்சை அணைத்துவிட்டால் இருக்கிற சார்ஜைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும், வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆறிவிடும். மேனேஜர் வீட்டுக்குப் போன பிறகு செகண்ட் ஷிப்ட் ஆட்கள் வேலை செய்வார்களே, அந்த மாதிரி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நர்மதாதான். போன அக்டோபரில், உள்ளே எத்தனை டிகிரி என்று திரையில் காட்டுகிற ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்க, சொல்லுங்க மாமா பாப்போம்" என்றாள். திரையை என் பக்கம் காட்டவில்லை. நான் அடியில் புறங்கையை வைத்தேன்.

"வெளிய நாப்பத்தாறு. உள்ள எம்பத்தெட்டு."

"தொண்ணூத்தொண்ணு மாமா. மூணு டிகிரி போச்சு."

"கரண்டுல இருக்குதும்மா, அதான்."

"கரண்டுல இருந்தா ஃபுல் ஸ்பீடு மாமா, சூடாத்தான் ஆவும். பேட்டரின்னா ஸ்லோவாயிடும், சூடும் கொறஞ்சுடும். அதெல்லாம் தாங்குற மாதிரிதான் செஞ்சிருப்பான். நீங்க சும்மா வாயாலயே வடை சுடாதீங்க."

என் மனைவி பூங்காவனம் சிரித்தாள். தமிழ்மாறனும் சிரித்தான். நானும் சிரித்தேன். வடைக்கு எண்ணெய் நூற்று எண்பது டிகிரி இருக்க வேண்டும். கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்று டிகிரி என் மனதில் இருந்தது உண்மை. ஆனால் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. நான் பழி வைக்கிற ஆள் இல்லை. நவம்பர் நான்காம் தேதி திங்கட்கிழமைதான் நோட்டுப் போட்டேன். அதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, வருகிற மே மாதம் பெங்களூர் ஆபீசில் டீம் லீடர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், கிடைத்தால் இவரும் நானும் அங்கேயே போய்விடலாம் என்று நர்மதா சொன்னாள். பெங்களூர் குளிர்ச்சியான ஊர், லேப்டாப்புக்கு நல்லது என்று நான்தான் முதலில் வாழ்த்தினேன். இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்தது தற்செயல். தேதி நோட்டில் இருப்பதால் நீங்களே பார்த்துவிடுவீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

நர்மதாவின் அறைக்கு மின்சாரம் ஹாலில் இருக்கும் போர்டிலிருந்து இழுத்திருக்கிறோம். அந்த சுவிட்ச் என் நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கைக்கு எட்டும். வலது கை சூடு பார்க்க, இடது கை சுவிட்சுக்கு. ஆண்டவன் ஏற்பாடு. நாற்பத்தைந்து நிமிடம் கரண்ட், இருபது நிமிடம் பேட்டரி. அவள் ஒன்பது மணி நேரம் வேலை செய்தால் எட்டு முறை வரும், சில நாள் ஒன்பது. ஆலையில் ஒரு ஷிப்டில் எட்டு முறை நெருப்பைப் பார்ப்போம். பழகிய கணக்கு.

ஒவ்வொரு முறையும் சூடு பார்க்க உள்ளே போக வேண்டுமே. சுக்குக் காபி, மோர், எலுமிச்சை ஜூஸ் என்று ஏதாவது எடுத்துப் போவேன். டம்ளரை வைக்கிற சாக்கில் புறங்கை லேப்டாப்பின் ஓரத்தைத் தொட்டுவிடும். கரண்டில் வெளியே நாற்பத்தாறு, பேட்டரியில் முப்பத்தெட்டு. உள்ளே எண்பத்தெட்டு, அறுபத்தொன்று. காற்றோட்டத்துக்காகச் சுரங்கத்தில் பொறுக்கிய இரண்டு நத்தைக் கற்களை அடியில் முட்டுக்கொடுத்தேன். எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அந்தக் கடல் நத்தைகள். பல கோடி வருடம் சும்மா கிடந்ததுகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. நர்மதா செந்துறையில் இருக்கும் அவள் அம்மாவிடம் போனில், "எந்த வூட்டுலம்மா மாமனாரு மருமவளுக்கு மணிக்கொருதரம் காப்பி கொண்டாந்து குடுக்குறாரு" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

கரண்ட் போனதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"மறுபடியும் போயிடுச்சு மாமா, இந்த பாயிண்ட்டு."

"லோ வோல்டேஜும்மா. இருவது நிமிசத்துல வந்துடும்."

இருபது நிமிடத்தில் வரும்.

"எப்புடி மாமா கரெக்டா சொல்றீங்க?"

"அனுபவம்தான்."

அதை மட்டும் நம்பினாள். புறங்கையை நம்பவில்லை.

அந்த அறையில் இன்னொரு பிளக் பாயிண்ட் இருந்தது. அதை நவம்பர் மூன்றாம் வாரம் கழற்றி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினேன். பாதுகாப்புக்காகத்தான். பூச்சு நன்றாக வந்தது, கையால் தடவினால் பழைய சுவர் எது புதுச் சுவர் எது என்று தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று தமிழ்மாறன் சொன்னான். அவன் பெரம்பலூரில் டிராக்டர் ஷோரூமில் இருக்கிறான், காலையில் பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி: இந்தக் காலத்தில் அவள் வேலையின் வேகம் ஏன் குறைந்தது.

பேட்டரியில் லேப்டாப் மெதுவாகிவிடும் என்று மேலே சொன்னேன். மீட்டிங்கில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது படம் நின்றுவிடும். பத்து நிமிடத்தில் லேப்டாப் ஓட்டி முடிக்கிற வேலை அரை மணி நேரம் இழுக்கும். ஜனவரியில் உங்கள் ஆட்கள் கேட்டார்கள், நெட் சரியில்லை என்றாள். பிப்ரவரியில் நெட் மாற்றினாள். மார்ச்சில் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார ஆரம்பித்தாள். நானும் நாலே முக்காலுக்கு எழுந்துகொண்டேன். எனக்கும் அறுபத்தேழு வயது, சிரமம்தான், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன், குறிப்புகள் என்ற பத்தியில்.

ஒரு நாள் அவள் பூங்காவனத்திடம், "எனக்குத்தான் அத்த மூளை மழுங்கிப்போச்சு போல. முன்ன மாதிரி வேலை ஓட மாட்டேங்குது" என்று அழுதாள். நான் ஹாலில் இருந்தேன். மணி பதினொன்று இருபது. அணைக்க வேண்டிய நேரம். அணைத்தேன். சூட்டுக்கு அழுகை தெரியாது சார்.

இத்தனைக்குப் பிறகும் அவள் மே மாத நேர்காணலுக்குத் தேர்வானாள். கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் என்னைத் தவிர அவள் ஒருத்திதான் வேலை தெரிந்த ஆள்.

உங்கள் மூன்றாவது கேள்வி: மே பதினாறாம் தேதி விபத்து நடந்தபோது லேப்டாப் கரண்டில் இருந்ததா, பேட்டரியில் இருந்ததா.

கரண்டில். அதோடு கம்பளிக்குள்.

நேர்காணல் பகல் பதினோரு மணிக்கு. அவள் செய்த வேலையை லேப்டாப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் காளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அதனால் தமிழ்மாறன் லீவு போட்டுவிட்டு ஏழு மணிக்கே அவளை பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது லேப்டாப்பில் ஏதோ ஒன்றைத் தட்டி ஓடவிட்டாள்.

"இது பத்தர வரைக்கும் ஓடும் மாமா. தொட்டுடாதீங்க. இன்னிக்கு லோ வோல்டேஜ் வராம பாத்துக்கங்க."

வராமல் பார்த்துக்கொண்டேன். அன்று ஒரு முறைகூட சுவிட்சை அணைக்கவில்லை. உங்கள் கணக்கிலும் அன்றைக்குப் பூஜ்யம்தான் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த கில்னில் யாரும் எடுத்த எடுப்பில் முழு வேலையை ஏற்ற மாட்டார்கள். உள்ளே இருக்கும் செங்கல் வெடித்துவிடும். முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும், மணிக்கு இத்தனை டிகிரி என்று அட்டவணை உண்டு. பதினோரு மணிக்கு அந்த லேப்டாப்புக்கு வாழ்க்கையிலேயே பெரிய வேலை காத்திருந்தது. ஆகவே எட்டு மணிக்குச் சூடேற்ற ஆரம்பித்தேன். முட்டுக்கொடுத்த நத்தைக் கற்களை எடுத்துவிட்டு மெத்தைமேல் வைத்தேன். எட்டரைக்கு ஒரு ஜமுக்காளம் போர்த்தினேன். ஒன்பதரைக்கு அதன்மேல் கம்பளி. மே மாத அரியலூரில் அந்தக் கம்பளியைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது.

பூங்காவனம் காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இந்தாங்க, அதுக்கு என்ன காச்சலா? வேர்க்கட்டும்னு போத்தி வுட்டுருக்கீங்க?"

"நேர்காணலுக்குத் தயார் பண்றேன்."

"அந்தப் புள்ள தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

"கம்பளியத்தான் தொட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்காயைப் பார்த்தாள். மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் இப்படிப் பல கத்தரிக்காய்கள்.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கம்பளிக்குள் புறங்கையை விட்டுப் பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு வெளியே நாற்பத்தொன்பது. பத்தேகாலுக்கு ஐம்பத்திரண்டு. பத்து நாற்பதுக்கு ஐம்பத்து நான்கு, உள்ளே நூற்றொன்று. எழுதி முடிப்பதற்குள் உள்ளிருந்த விசிறிச் சத்தம் நின்றது. நின்றுவிட்டது என்றும் எழுதினேன்.

நூறைத் தாண்டினால் அது தானாக அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். ஏப்ரல் பதினான்கு விடுமுறையன்று அவர்கள் மதியம் தூங்கும்போது, ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பின்மேல் தலையணை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறேன். நூறைத் தாண்டியதும் அணைந்தது. முப்பத்தைந்து நிமிடம் ஆறவைத்த பிறகு எழுந்துகொண்டது. ஒரு கெடுதலும் இல்லை. மே பதினாறிலும் முப்பத்தைந்து நிமிடத்தில் எழுந்துகொள்ளும் என்றுதான் நினைத்தேன். பேட்டரி உப்பி, அடித்தகடு இட்லி மாதிரி எழும்பி, ஒரேயடியாகப் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் திட்டத்தில் இல்லை. சூடேற்றும் திட்டத்தைச் சொல்கிறேன்.

சூடான கில்ன் நின்றுபோனால் அப்படியே விடக்கூடாது. தன் கனத்திலேயே நடுவில் தொய்ந்து வளைந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் சுற்று திருப்பிவிட வேண்டும். பத்து ஐம்பதுக்கு நான் லேப்டாப்பை முதல் கால் சுற்று திருப்பி, பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நெற்றியில் குங்குமமும் கையில் கோயில் எலுமிச்சம்பழமுமாக நர்மதா உள்ளே வந்தாள்.

"என்ன பண்றீங்க மாமா?"

"கால் சுத்து."

அவள் பட்டனை அழுத்தினாள். பத்து முறை இருக்கும். பிறகு போனை எடுத்து உங்கள் ஆட்களிடம் பதினோரு நிமிடம் பேசினாள். காட்ட வேண்டியது எல்லாம் லேப்டாப்புக்குள் இருந்தது. 'ஐயாம் சாரி' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது, அதுதான் அதிகமாக வந்தது. அவள் பேசி முடிப்பதற்குள் இரண்டாவது கால் சுற்றைத் திருப்பிவிட்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டில் நான் சொன்னது, தூசு படாமல் இருக்கப் போர்த்தி வைத்தேன் என்று. சுண்ணாம்பு லாரி ஓடுகிற ரோட்டில் வீடு. நம்பும்படியான காரணம். நர்மதாகூட, "வெயிலுக்குப் போயிருக்கும் மாமா, நீங்க மனசு சங்கடப்படாதீங்க" என்றாள். பெங்களூர் வேலை வேறொருவருக்குப் போனது. பெங்களூர் போக இறக்கிவைத்திருந்த பெட்டியைத் தமிழ்மாறன் மறுபடியும் பரண்மேல் ஏற்றினான். பூங்காவனம் அன்றிரவு எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போய்விட்டாள். நான் நன்றாகத் தூங்கினேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் மெயில் வந்தது. தமிழ்மாறன் அதைப் படித்தான். நர்மதா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விடும் என்ற வரி வந்தபோதும் நான் பேசவில்லை. வேலை போனால் என்ன, வீட்டில் எல்லாரும் இருக்கிறோம் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரியை அவன் படித்தான்: 'இவ்வளவு சீரான இடைவெளியில், ஆறரை மாதம், மனிதக் கையால் செய்வது சாத்தியமே இல்லை. தானாக இயங்கும் டைமர் ஒன்றை நீங்கள் பொருத்தியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறோம்.'

சார், நான் பொறுமையான ஆள். ஆனால் முப்பத்து நான்கு வருட உழைப்பை ஒரு டைமர் என்று சொன்னால் எப்படி. கடையில் விற்கிற டைமர் மணிக்கு ஒரு நிமிடமாவது பிசகும்.

எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து நர்மதாவின் மடியில் வைத்தேன்.

"டைமரு இல்ல. கை."

"அப்பா, சும்மா இருங்கப்பா" என்றான் தமிழ்மாறன். "இந்த நேரத்துல வெளையாடாதீங்க."

"அவரு வெளையாடல" என்றாள் பூங்காவனம், அடுப்படியிலிருந்தே.

நர்மதா முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நவம்பர் நான்கு. தேதி, நேரம், கரண்ட், பேட்டரி, வெளியே, உள்ளே, குறிப்புகள். நூற்று நாற்பது பக்கம். தலைவலி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள். சுவரில் சிமென்ட் பூசிய இடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அது எங்கே என்று அவள் கண்டுபிடித்தது எனக்கு ஆச்சரியம்தான்.

கடைசிப் பக்கம் வந்தது. அவள் எழுந்து போய், செத்த லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்த பெரம்பலூர் சர்வீஸ் கடைக்காரர் கொடுத்த தாளைக் கொண்டுவந்தாள். லேப்டாப் அணைவதற்கு முன்னால் கடைசியாகத் தனக்குள் குறித்துவைத்துக்கொண்ட சூடு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்கிறது. அந்தத் தாளை நான் அதுவரை பார்த்ததில்லை, சத்தியமாக. தாளை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலை 10.40, நூற்றொன்று. காலை 10.40, நூற்றொன்று.

மூன்று டிகிரி இல்லை. அரை டிகிரிகூட இல்லை. அன்று போகாத என் மானம் ஏழு மாதம் கழித்து முழுசாகத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வென்றவன் பேசக்கூடாது.

அவள் நோட்டை மூடினாள். பேனாவையும் நான்கு வெள்ளைத் தாளையும் என் முன்னால் வைத்தாள். இதை எழுதச் சொன்னது அவள்தான். ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். நோட்டையும் சர்வீஸ் கடைத் தாளையும் இதோடு இணைத்திருக்கிறாள், நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைமர் என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். என் கையை இந்த வீட்டில் கடைசிவரை நம்பாமல் இருந்த ஒரே ஆள் அவள்தான். அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். என் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"சந்தேகமே இல்ல மாமா. உங்க கைதான்."